சார் எங்களைக் கால்வாய்க்கரையில் நடக்கவைத்த வருடம்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என்னுடையது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. எழுத்துகள் பெரிது பெரிதாக, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை போலத் தள்ளித் தள்ளி நிற்கும். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். என் மகள் பார்த்துத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள். அதற்கு மேலும் தப்பிருந்தால், ஒரே தரையில் உட்கார்ந்து படித்தவர்கள் நீங்கள், பொறுத்துக்கொள்வீர்கள்.

போன மாதம் நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். உங்களில் நாலைந்து பேரை அங்கே பார்த்தேன். ஒரு டீச்சர் வகுப்பில் சாதியைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளை எழுதவும் வைத்தார் என்று ஒரே சத்தம். அப்போது நம்மில் ஒருவர் எழுந்து, நம் காலத்தில் இதெல்லாம் இருந்ததா, சார் வந்தார், பாடம் நடத்தினார், போனார், நம் அப்பா அம்மா யாராவது பள்ளிக்குப் போய் எதையாவது கேட்டார்களா என்றார். பலர் தலையாட்டினீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் காலத்திலும் இருந்தது. நம் அப்பா அம்மாவும் போய்க் கேட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் நம் பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டிடம். மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், நடுவில் மூங்கில் தட்டிகள். ஒன்றாம் வகுப்பு ‘அணில்’ என்று கத்தும்போது நாம் ஏழாம் வாய்ப்பாட்டில் இருப்போம். சன்னல் வழியாக, சோப்புத் தண்ணீரில் பட்டு வேகிற வாடை வந்துகொண்டே இருக்கும். அந்த வாடை வந்தால் எனக்கு இப்போதும் வாய்ப்பாடு ஞாபகம் வருகிறது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா வீட்டு வழியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அம்மா திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், எட்டு வரை படித்தவள். தறிக்குத் தார்க் குழலில் நூல் சுற்றிக்கொண்டே என் புத்தகத்தை மடியில் வைத்துப் படிப்பாள். என்னை ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. நைனாவும் மறுத்ததில்லை. ‘படிக்கட்டும், இன்னா இப்போ’ என்பார். அதுவே அவருக்கு நீளமான பேச்சு. என்னுடைய கூச்சம் அவரிடமிருந்து வந்தது.

ஐந்தாம் வகுப்புக்கு வந்த சார் தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். கல்யாணம் ஆகாதவர். உயரமான சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். நம்மில் யார் முதல் மார்க் வாங்கினாலும் லீடர் என்று சொல்லி, முதல் மார்க் வாங்கிய காலனிப் பெண்ணை அந்த வருடம் லீடராக்கினார். அவளை நாம் கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, லீடர் என்றேதான் கூப்பிட்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தெருவில் பாவு விரிப்பதை உங்களில் சிலர் மறந்திருப்பீர்கள். விடிந்ததும் தெரு நடுவே மூங்கில்களை நட்டு, மூன்று புடவைக்கு வேண்டிய பட்டு இழைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துக் கட்டுவார்கள். அரிசிக் கஞ்சியைத் தெளித்து இழைக்கு விறைப்பு ஏற்றுவார்கள். கஞ்சி காய்வதற்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழைகளைப் பிரித்துவிட வேண்டும், அறுந்ததை முடிய வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாத வேலை. அதனால் தெருவே வரும். கூலி கிடையாது. இன்று என் பாவுக்கு நீ, நாளை உன் பாவுக்கு நான். முந்தின நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய் ‘காலையில பாவு’ என்று சொன்னால் போதும்.

நாம் பள்ளிக்குப் போகும் நேரத்தில் பாவு தெருவில் இருக்கும். தலை படாமல் குனிந்து அடியில் ஓடுவோம். காலனிப் பிள்ளைகள் ஓடுவதில்லை. தெருமுனை வரை நம்மோடு வந்துவிட்டு, பாவைப் பார்த்ததும் கால்வாய்க்கரைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். யாரும் அவர்களை விரட்டி நான் பார்த்ததில்லை. அவர்கள் பாவுப் பக்கம் வந்தால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். அவர்களும் அதையே கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள்.

கால்வாய்க்கரையில் சாயப்பட்டறைகள் இருந்தன. சாயம் கழுவிய தண்ணீர் பாதையில் வழிந்து, மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். அந்த வழியாக வருகிறவர்களின் பாதம் அன்றைய சாயத்தில் தோய்ந்திருக்கும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் கிளிப்பச்சை. லீடர் கரும்பலகையில் கணக்குப் போடும்போது அவளுடைய குதிகாலைப் பார்த்து இன்றைக்கு என்ன நிறம் என்று நாம் கிசுகிசுத்துக்கொள்வோம். அதில் கேட்பதற்கு ஏதாவது இருக்கிறது என்று நமக்குத் தோன்றவே இல்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் அது. தீண்டாமை தப்பு என்று பாடப் புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை எல்லோரும் ஒரே குரலில் படித்தோம். சார் வழக்கம்போல அடுத்த பக்கம் போகவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. லீடரைப் பார்த்தார்.

அவள் எழுந்து, “அது புஸ்தகத்துக்கு சார்” என்றாள்.

“புத்தகத்துக்குன்னா?”

“பாவு போட்டா நாங்க கால்வாய் வழியாத்தான் சார் வர்றோம்.”

குறை சொல்கிற குரல் இல்லை அது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரல்தான். சார் சற்று நேரம் சாக்பீசை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு உட்காரச் சொன்னார். 

அடுத்த முறை தெருவில் பாவு விரித்தபோது, காலையில் சார் சைக்கிளோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். நாம் குனிந்து ஓடப் போனோம். கையை நீட்டி மறித்தார். சுற்றிப் போவதுதான் இந்தத் தெரு வழக்கம் என்றால் வகுப்பு முழுக்கச் சுற்றிப் போவோம் என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். நாம் வரிசையாகப் பின்னால் போனோம். பாதை தெரிந்தவள் என்று லீடரை முன்னால் விட்டார்.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பட்டறையில் நூல் கத்தைகளை முக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நம்மைப் பார்த்தார்கள். எருமை ஒன்று வழி விடவில்லை. நம்மில் ஒருவன் சேற்றில் உட்கார்ந்து எழுந்தான், மாலைவரை அவனுடைய டவுசர் கிளிப்பச்சையாக இருந்தது. வகுப்பில் எல்லோரும் காலை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தோம். அப்புறம் பாவு விரித்த நாளெல்லாம் அப்படித்தான் போனோம். என்ன பாடம் என்று நமக்குப் புரிந்ததோ இல்லையோ, நாளைக்கு யார் வீட்டுப் பாவு என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீடுகளில் அது சந்தோஷமாக இல்லை. கால் சாயம் எளிதில் போகாது. அம்மா தேங்காய் நார் போட்டுத் தேய்க்கும்போது என்னைக் கேட்டாள். சொன்னேன். அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். தறியில் இருந்த நைனாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பாடத்தை பாடமா சொல்லிக்குடுத்துட்டுப் போட்டுமே. அத்த ஏன் தெருவுக்கு எடுத்துக்கினு வர்றாரு?” என்றார்.

அம்மா சொன்னாள்: “புஸ்தகத்துல முன்பக்கத்துலயே போட்டுக்கிறாங்க. உள்ள இருக்குற கணக்கு மட்டும் நெசம், இது மட்டும் சும்மாவா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற எப்படி சொல்றீங்க?”

நைனா குனிந்து, ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளினார். எங்கள் வீட்டில் சண்டை என்பது அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அந்த இரண்டு பேச்சும் வீட்டுக்குள் நின்றுகொண்டே இருந்தன. சாதம் போடும்போதும் இருந்தன, விளக்கு ஏற்றும்போதும் இருந்தன.

நான் இரண்டு பேரும் சொன்னதை நினைத்துப் பார்ப்பதுண்டு. நைனா அந்தப் பிள்ளைகளை மட்டமாக நினைத்தவர் அல்லர். ஊரோடு ஒட்டி நின்றால் ஒருவருக்கும் கெடுதல் வராது என்று நினைத்தார். சரியைச் சொன்னால் போதும், நாலு பேர் ஒத்துக்கொள்வார்கள் என்று அம்மா நினைத்தாள். இரண்டு பேர் கணக்கும் தப்பாகப் போனது.

தெருவில் ஒரு பிள்ளைக்குக் காலில் சேற்றுப்புண் வந்தது. அவன் அம்மா பள்ளி வாசலில் வந்து சத்தம் போட்டாள். நம்மோடு படித்த டீக்கடைக்காரர் மகள் வேறு, கடையில் ஏன் இரண்டு விதமாக டம்ளர் வைத்திருக்கிறோம் என்று அவரை வாடிக்கையாளர்களுக்கு நடுவில் கேட்டுவிட்டாள். தலைமையாசிரியையான பெரிய டீச்சர் பயந்துபோய், ஒரு சனிக்கிழமை பெற்றோர்களை வரச் சொன்னார்.

நாம் எல்லோரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். பெரியவர்கள் தரையில் நாம் போட்டு உட்காரும் பலகைகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தது வேடிக்கையாக இருந்தது. காலனிக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

சேற்றுப்புண் பிள்ளையின் அம்மா, என் பிள்ளை காலுக்கு யார் பொறுப்பு என்றாள். டீக்கடைக்காரர் தன் மகள் கேட்ட கேள்வியைச் சொன்னார். “எனக்கு வாயடைச்சிப் போச்சுபா. அவ நீட்டுற பால் சொம்பை வாங்கக்கூட அவ மூஞ்சிக்கு நேரா போவ முடியல” என்றார். யாரோ பின்னாலிருந்து, “எல்லா டம்ளரையும் உன் பொண்ணுகிட்டயே குடுத்து கழுவச் சொல்லு, வித்தியாசம் தெரியாது” என்றார்கள். சிரித்தார்கள். சிலர் சார் செய்தது சரி என்றும் சொன்னார்கள், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்கள்.

சார் எழுந்து, நான் ஒரு பிள்ளையையும் பாவுக்கு அடியில் கூட்டிப் போகவில்லை, சுற்றிப் போவது வழக்கம் என்றீர்கள், எல்லோரையும் சுற்றித்தான் கூட்டிப் போனேன், இதில் எந்த வழக்கம் கெட்டது என்று கேட்டார். அதற்குப் பதில் யாரிடமும் இல்லை. பதில் இல்லாமல் போனதுதான் அவர்களுக்குக் கோபம் என்று இப்போது தோன்றுகிறது.

லீடருடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை செய்பவர். அவர் வாசலிலிருந்தே கையைக் கட்டிக்கொண்டு பேசினார். “சார், எங்களுக்கு சுத்தி வர்றது பழகிப்போச்சு. எங்களால நீங்க பேர் கெட்டுப்போவ வேணாம். பசங்களுக்கு எழுத்தை மட்டும் சொல்லிக்குடுங்க. மத்தத வுட்டுடுங்க சார்.”

சாருடைய முகம் அப்போதுதான் வாடியது.

தெரு நாட்டாண்மை, பார்த்தீர்களா, அவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்றார். சார் நல்ல சார்தான், பரீட்சைக்கு வருவதை நடத்தட்டும் என்றார். எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள். அப்போது என் அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

“நம்ம பிள்ளைங்க காலு நனையுதுன்னு இன்னிக்கு இத்தினி பேரு வந்து உக்காந்துனு இருக்கிறோம். அந்தப் பிள்ளைங்க காலு இத்தினி வருசமா நனைஞ்சிக்கினு இருக்குது. அதுக்குன்னு ஒரு நாளு, ஒருத்தரு, இங்க வந்து உக்காந்தமா?”

 நாட்டாண்மை தலையை ஆட்டி, “அந்தம்மா சொல்றதும் சரிதான்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நைனா கேட்டார். “நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. நீ ஏன் சொன்னே?”

“வேற யாரு சொல்லுவாங்க?” என்றாள் அம்மா.

அதற்கப்புறம் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அம்மாவோடு பேசினார்கள். நைனாவுக்கு வெற்றிலை கொடுத்தார்கள். சார் மட்டும் நம்மைக் கால்வாய்க்கரைக்குக் கூட்டிப் போவதை நிறுத்தினார். பெரிய டீச்சர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நாம் மறுபடியும் குனிந்து ஓடினோம், லீடர் மறுபடியும் சுற்றி வந்தாள்.

மாசி மாதம் எங்கள் வீட்டுப் பாவு வந்தது. நைனா சாயங்காலம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை.

காலையில் நைனா, சித்தப்பா, அம்மா, நான் சேர்ந்து பாவை இழுத்துக் கட்டினோம். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட வேண்டும். ஆட்கள் வந்த பிறகு கஞ்சி போடுவதென்பது நம் தெருவில் கிடையாது. கஞ்சி போடும்போது ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேருவார்கள். அப்படித்தான் எப்போதும். தெரு வராமல் போன பாவு என்று ஒன்றை நைனா பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. அதனால் கஞ்சியைத் தெளித்துவிட்டார்.

யாரும் வரவில்லை.

கதவுகள் திறந்துதான் இருந்தன. ஒருவர் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வானத்தைப் பார்த்து இன்றைக்கு நல்ல வெயில் என்றார். நைனா இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். நாலு பேர் கைகளும் பத்து இழை பிரிப்பதற்குள் நூறு இழை ஒட்டியது. கஞ்சி காய்கிற வாசனை எனக்கு அதற்கு முன்னால் பிடித்தமான வாசனை.

பள்ளிக்குப் போகிற வழியில் சார் பார்த்துவிட்டார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வந்தார். எதைப் பிடிக்கட்டும், சொல்லுங்கள், எதைப் பிடிக்கட்டும் என்றார். பிடித்தார். தெரியாத கை. பிடித்த இடத்தில் இழை அறுந்தது. அம்மா மெதுவாக அவர் கையை எடுத்துவிட்டாள். அவர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஒரு பாவுக்குத் தெரு முழுக்க வேண்டும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

அப்போது தெருமுனையில் லீடருடைய அப்பாவும் அவரோடு பட்டறை ஆட்கள் சிலரும் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தெருவுக்குள் வரவில்லை. அங்கிருந்தே, “அண்ணே, வரட்டுமா?” என்றார். ஈரப் பட்டைச் சிக்கில்லாமல் பிரிப்பது அவர்களுக்குத் தினமும் செய்கிற வேலை.

நைனா திரும்பிப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பல் தேய்த்தவர் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார்.

“வரச் சொல்லுங்க” என்றாள் அம்மா. “இந்தப் பட்டை சாயத்துல முக்கி எடுத்ததே அவங்க கைதான். கழுவினதும் அவங்க கை. இப்ப மட்டும் இன்னா?”

நைனாவுக்கு உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எனக்கு வாய் வராத நேரங்களில் அந்த முகம்தான் எனக்கும் வருகிறது போலிருக்கிறது. கடைசியில், “வேணாம்பா. நீ போ. உனக்கும் தொல்லை” என்றார்.

லீடருடைய அப்பா தலையை ஆட்டினார். பிறகு ஆட்களோடு திரும்பிப் போனார். அவர் கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால்கூட நைனாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாவு காய்ந்து பலகை மாதிரி ஆனது. நைனா அதன் அடியில், தெரு மண்ணில் உட்கார்ந்தார். வெயில் தலைக்கு மேல் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

பட்டு, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது. அதற்கு ஈடு செய்ய நைனா இன்னும் வேகமாக நெய்ய வேண்டியிருந்தது. கோர்வைப் புடவைக்குக் கரையை வேறு நிறத்தில் சேர்க்கப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து நாடா கொடுக்க வேண்டும். கூலிக்கு வந்துகொண்டிருந்த ஆளை நிறுத்திவிட்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் நான் உட்கார்ந்தேன். பிறகு பள்ளிக்குப் போகுமுன்னும் உட்கார்ந்தேன். பெரிய பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் என் பழைய சட்டையைப் பிரித்து அகலமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

சாருக்குப் பங்குனியில் மாற்றல் வந்தது. கடைசி நாளில் ஏதாவது பேசுவார் என்று காத்திருந்தோம். வாய்ப்பாடு கேட்டார். எல்லோருடைய நோட்டையும் திருத்தினார். பரீட்சையில் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதும்படி சொன்னார். என்னிடம் மட்டும், “உங்க அப்பாகிட்ட…” என்று ஆரம்பித்துவிட்டு, “ஒண்ணுமில்லை, போ” என்றார். எங்கே போனார், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்தக் கோடை முழுவதும் நைனா ஒன்று செய்தார். தெருவில் யார் வீட்டுப் பாவு என்றாலும், கூப்பிடாமலே, விடிவதற்கு முன் போய் முனையில் நிற்பார். முதலில் அவரைப் பார்க்காததுபோல் இருந்தார்கள். அவர் பாட்டுக்கு இழை பிரிப்பார், அறுந்ததை முடிச்சிடுவார், வேலை முடிந்ததும் மோர்கூடக் குடிக்காமல் வந்துவிடுவார். அம்மாவுக்கு அது அவமானமாக இருந்தது. “உங்களுக்கு ஒண்ணியும் தோணலையா?” என்று ஒரு நாள் கேட்டாள். நைனா, “பாவு போடாத நெசவுக்காரன் இன்னா பண்ணுவான், சொல்லு” என்றார். 

நான் ஐந்தாம் வகுப்பு பாஸ். ஜூனில் பெரிய பள்ளிக்கூடம் திறந்தது. சேர்க்கை நாளன்று காலையில் அம்மா எனக்குத் தலை வாரி, அகலப்படுத்திய சட்டையைப் போட்டுவிட்டாள். எங்கே என்று நைனா கேட்கவில்லை. தறி அன்றைக்குக் காலியாக இருந்தது. புதுப் பாவு வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் நைனா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். எல்லோரும் வருகிறோம் என்றிருந்தார்கள். மாசியிலும் அப்படித்தானே சொன்னார்கள் என்று அம்மா மனத்தில் நினைத்திருப்பாள். “கஞ்சி மட்டும் ஊத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பெரிய பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் எல்லோரையும் வரிசையாகத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். உங்களில் பலர் அந்த வரிசையில் இருந்தீர்கள். லீடரும் அவளுடைய அப்பாவும் எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். அவர் அம்மாவைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. லீடர் உள்ளே போனாள். வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள், சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு பிள்ளைதான்.

அப்போது நைனா வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. தோள் துண்டு கையில் இருந்தது. அம்மா எழுந்து போனாள். நானும் பின்னால் போனேன்.

“எல்லாரும் வந்துட்டாங்க” என்றார்.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் சிரித்துக்கொண்டும் இருந்தார். நைனாவை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“நாட்டாண்மையே வந்துக்கிறாரு. கஞ்சி போட்டாச்சு. தெருவே நம்ம பாவுல நின்னுக்கினு இருக்குது. நம்ம வீட்டு ஆளுங்க ஒருத்தரும் இல்லன்னா நல்லா இருக்காதும்மே.” பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு வந்து சேத்துக்கலாம்பா” என்றார்.

நைனா பொய் சொல்லவில்லை. நாளைக்கு என்றுதான் நினைத்திருந்தார். மூன்று புடவைக்குமான கோர்வை எனக்காகக் காத்திருந்ததை அந்த நேரம் அவர் மறந்துபோயிருந்தார்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊரே வந்து நிற்கிறது என்று சொல்லிக்கொண்டு நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். பகலில், நாலு பேர் பார்க்க, அவள் அப்படிச் செய்கிறவள் அல்லள்.

தாழ்வாரத்திலிருந்து, அடுத்தது யார் என்று குரல் கேட்டது. எங்கள் இடம் காலியாக இருந்தது. அம்மா திரும்பி, “நீங்க போங்க, நாங்க அப்புறம் வர்றோம்” என்றாள்.

பின்னால் இருந்த நீங்கள் ஒருவர் பின் ஒருவராக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. வரிசை என்றால் நகரத்தான் வேண்டும்.

ஐப்பசி பத்தாம் தேதி, திங்கட்கிழமை.